காதைத் திருகினால் கல் கரையுமா?

காது மடல் கல்லாக இறுகிப்போகும் அபூர்வக் கோளாறு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படிக்கத் தொடங்கியபோது, போகட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். காது, மூக்கு, தொண்டை பார்க்கிற எங்களுக்கே எப்போதாவது ஒருமுறை காணக் கிடைக்கிற விஷயம் அது. அதைப் பற்றி ஒருவர் தப்பாக எழுதிவிட்டால் குடியா முழுகிவிடும்? ஆனால் கட்டுரை முடிவதற்குச் சற்று முன்னால் இரண்டு அறிவுரைகள் வருகின்றன. உப்பை அறவே குறையுங்கள் என்பது ஒன்று. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டு வரிகளால் நிஜமாகவே குடி முழுகும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரையாளரின் வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் கால்சியம் மிஞ்சினால் அது போக்கிடம் தேடும். காது மடலில் போய்ப் படியும். போர்வெல் தண்ணீர், கால்சியம் மாத்திரை, பால் மூன்றும் இதற்குக் காரணம். செல்போன் சூடு மடலை வாட்டி இறுக்குகிறது. மிச்சத்தை ஏசி காற்று முடித்து வைக்கிறது. நல்லெண்ணெயைச் சுடவைத்துக் காலையும் மாலையும் மடலை மடக்கி, திருகி, அழுத்தித் தேய்த்தால் படிந்ததெல்லாம் கரைந்து போகும். உப்பும் மாத்திரையும் கூடாது. காது இறுகுவதால் உயிருக்கு ஒன்றும் ஆகாது, எனவே டாக்டரிடம் போகவே வேண்டாம். போனால் தலை முதல் கால் வரை டெஸ்ட் எழுதிக் காசைக் கறந்துவிடுவார்கள். ஏறக்குறைய இவ்வளவுதான். இதில் உண்மையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். அங்கங்கே கொஞ்சம் தட்டுப்படுகிறது. படிக்கிறவர்கள் முழுசையும் நம்பிவிட அது போதும்.

இறுகிய காது ஒன்றைக் கட்டுரையாளர் தொட்டுப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். உங்கள் காதின் மேல்பாதியைப் பிடித்து முன்பக்கமாக மடக்கி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மடலுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் எலாஸ்டின் இழைகள் பின்னிக் கிடப்பதால் வருகிற நெகிழ்ச்சி அது. இறுகிய காதை மடக்கப் பார்த்தால் காது மடங்காது, தலைதான் கூடவே திரும்பும். விரலுக்குத் தேங்காய்ச் சிரட்டையைப் பிடித்தது போலிருக்கும். மேலே இருக்கும் தோல் பெரும்பாலும் வழக்கம்போல மிருதுவாக, நிறம் மாறாமல் இருக்கும். அதனால் பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். தோடு போடுகிற கீழ்ச் சோணை மட்டும் எப்போதும்போல ஆடும். அங்கே குருத்தெலும்பே கிடையாது, இறுகுவதற்கு ஒன்றுமில்லை.

காதுக்குள் பார்ப்பதற்கு நாங்கள் மடலை மேலும் பின்னுமாக இழுப்போம். வளைந்திருக்கும் துளை அப்போது நேராகி, செவிப்பறை கண்ணுக்குத் தெரியும். இறுகிய காதில் இந்த இழுப்பு நடக்காது. கருவியின் கூம்பு நுழையத் திணறும். பலரிடம் இந்தக் கோளாறு வெளிப்படுவதே இப்படித்தான், அழுக்கு அடைப்பு என்று வேறெதற்கோ வந்த இடத்தில். தொந்தரவு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தலையணை பட்டால் காது வலிக்கிறது என்பார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வழக்கமாக மங்கலான நிழலாக மட்டும் விழுகிற மடல், அதன் மேடு பள்ளங்கள் அத்தனையும் துலங்க வெள்ளையாகத் தெரியும்.

காது மந்தமாகும் என்றும் கட்டுரையில் ஒரு பயமுறுத்தல் இருக்கிறது. மடல் இறுகுவதால் மட்டும் அது நேராது. நடுக்காதில் இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிச் செவித்திறன் குறைவது வேறு நோய். உள்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் மாறித் தலைசுற்றல் வருவது மூன்றாவது சங்கதி. மூன்றையும் காதில் கல் என்ற ஒரே தலைப்பின் கீழ்க் குழப்பி வைத்திருக்கிறார். எந்தக் காதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே தெளிவில்லாதவர் காரணம் சொல்ல முற்பட்டால் என்ன ஆகும்?

கால்சியத்துக்கு வருவோம். வளர்ந்த ஒருவரின் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். இரத்தத்தில் ஓடுவது ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்கும். அந்த எல்லையைக் காப்பதற்கென்றே கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சின்னஞ்சிறு பாராதைராய்டு சுரப்பிகள் இரவு பகலாக வேலை செய்கின்றன. குடல் தேவையைப் பார்த்து உறிஞ்சும், சிறுநீரகம் மிஞ்சியதை வெளியே தள்ளும். போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு கீசரில் படியும், குழாய் வாயில் படியும், உண்மைதான். உடம்பு கீசர் அல்ல. அவர் சொல்வது சரி என்றால், தலைமுறை தலைமுறையாக உவர்நீர் குடிக்கிற ராமநாதபுரம் சீமையில் இந்நேரம் காதை மடக்கக்கூடிய மனிதர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கக் கூடாதே!

இதைவிடப் பெரிய இடி ஒன்று அவருடைய வாதத்துக்கு இருக்கிறது. மருத்துவ ஏடுகளில் பதிவான நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் சரியான அளவிலேயே இருந்திருக்கின்றன. மிஞ்சியதே இல்லை என்றால், எது போக்கிடம் தேடிக் காதுக்கு ஓடியது? காயமோ வீக்கமோ குளிரோ பாதித்த திசுவில், இரத்தக் கால்சியம் சரியாக இருக்கும்போதே சுண்ணாம்பு படியக்கூடும். இது ஒரு வழி. இன்னும் சிலரிடம் நடப்பது படிவே அல்ல. சிறு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், குருத்தெலும்பு இருந்த இடத்தில் அசல் எலும்பே உருவாகியிருக்கும், மஜ்ஜைக்கான இடைவெளிகள் உட்பட. அதாவது காதில் ஒரு எலும்பு முளைத்திருக்கிறது. அதைத்தான் கட்டுரையாளர் நல்லெண்ணெய் ஊற்றிக் கரைக்கச் சொல்கிறார். எலும்பு நல்லெண்ணெயில் கரையும் என்றால், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு தமிழ்நாட்டில் யாருக்கும் முழங்கால் இருக்காது.

கால்சியம் ஏறி, அதனால் காது இறுகுவது அறவே இல்லையா என்றால், உண்டு. பாராதைராய்டு சுரப்பி வரம்பு மீறிச் சுரந்தால் நடக்கலாம். வைட்டமின் டி அளவுக்கு மீறினாலும் நடக்கலாம். இந்த இரண்டாவது காரணம் நம் ஊரில் கவனிக்க வேண்டியது. வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டைச் சரியாகப் படிக்காததால் சிலர், சத்து மாத்திரைதானே என்ற துணிச்சலில் சிலர். மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் இரத்தக் கால்சியம் ஏறும், சிறுநீரகம் கெடும், படியக் கூடாத இடங்களில் சுண்ணாம்பு படியும். பாலையும் போர்வெல்லையும் இவ்வளவு திட்டியவர் வைட்டமின் டி பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஓர் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்றும் எழுத நேர்ந்திருக்கும். பரிசோதனையே கூடாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு எழுதுகிறவருக்கு அது சௌகரியப்படாது.

செல்போன் கதைக்கு அதிக இடம் தேவையில்லை. காது மடல் எலும்பாக மாறியிருப்பதை மருத்துவ உலகில் முதலில் விவரித்தவராகச் சொல்லப்படுபவர் பிராக் நகரத்து உடற்கூறியல் அறிஞர் போக்டாலெக். ஆண்டு 1866. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல். கம்பியுள்ள போனே பிறக்காத காலத்துக் காது எந்தச் சூட்டில் வாடியதாம்?

ஏசி விஷயத்தில் மட்டும் அவர் எதையோ எங்கேயோ அரைகுறையாகப் படித்திருக்கிறார் என்று தெரிகிறது. காது இறுகுவதற்கு மிக அதிகமாகச் சொல்லப்படும் உள்ளூர்க் காரணங்களில் குளிர் நிச்சயம் இருக்கிறது. எந்தக் குளிர்? திசுவே உறைந்து போகும் குளிர். மடல் தலையிலிருந்து விலகி நிற்கிறது. அதைப் போர்த்த கொழுப்பு கிடையாது. இரத்தக் குழாய்களும் மெல்லியவை. பனிப்பிரதேசத்தில் மூக்கு, விரல்களோடு முதலில் உறைவது காதுதான். உறைந்து மீண்ட காது பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து இறுகலாம். சியாச்சினில் காவல் நிற்கிற ஜவானுக்கு இந்த ஆபத்து உண்டு. திசு உறைய வேண்டுமானால் அதன் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்க வேண்டும். ஏசியை 18-ல் வைத்து விடிய விடியத் தூங்கினால் கரண்ட் பில் ஏறும், காது உறையாது. பனிப்பிரதேசத்து உண்மை ஒன்றை எடுத்து அதில் தமிழ்நாட்டு வெயிலைக் கலந்தால் என்ன கிடைக்குமோ அதுதான் அவருடைய குளிர்க் கோட்பாடு.

திருகல் வைத்தியத்தை மட்டும் சிரித்துவிட்டுக் கடக்க முடியவில்லை. குருத்தெலும்புக்கென்று தனி இரத்தக் குழாய் கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைதான் அதற்குச் சோறு போடுகிறது. காதில் பலமான அடியோ இழுப்போ விழுந்தால் அந்த உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் கசிந்து தேங்கும். மல்யுத்த வீரர்களின் காது கசங்கித் தடித்துப் போயிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது இப்படித் தேங்கிய இரத்தம் வடிக்கப்படாமல் விட்டதன் விளைவு. மடல் இறுகுவதற்கான காரணங்களில் இந்த அடிபடுதலும் ஒன்று. ஆகவே தினமும் இரண்டு வேளை மடலை மடக்கி, திருகி, அழுத்தித் தேய்க்கச் சொல்கிறவர், நோயின் காரணத்தையே மருந்தாக எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காலத்து வாத்தியார்கள் காதைத் திருகியது படிப்பு ஏறட்டும் என்று. படிப்பு ஏறியதோ இல்லையோ, அவர்கள் யாரும் அதற்கு வைத்தியம் என்று பெயர் வைக்கவில்லை.

இவ்வளவும் மன்னிக்கக்கூடிய தவறுகள். உப்பும் மாத்திரையும் அப்படியல்ல.

இரண்டு சிறுநீரகங்களின் தலைமேலும் ஆளுக்கொன்றாக அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடைதான். அதன் புறணி சுரக்கும் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் இல்லாவிட்டால் மனிதன் பிழைக்க முடியாது. ஆல்டோஸ்டிரோன் உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும். கார்ட்டிசால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கும், காய்ச்சலோ விபத்தோ வந்தால் உடம்பு தாக்குப் பிடிக்க உதவும். இந்தச் சுரப்பி பழுதாவதை 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 11 நோயாளிகளை வைத்து விவரித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. காது மடல் இறுகுவதோடு தொடர்புள்ளவையாக மருத்துவ ஏடுகள் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் நாளமில்லாச் சுரப்பி நோய்களில் முதலிடம் இந்த அடிசன் நோய்க்குத்தான். அடுத்தபடியாக, அட்ரினலுக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பி செயலிழப்பது. கட்டுரையாளர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடிசனும் இல்லை, அட்ரினலும் இல்லை.

இது ஏதோ வெள்ளைக்காரர் நோய் என்று தள்ளிவிட முடியாது. மேலை நாடுகளில் இன்று அடிசன் நோய்க்குப் பெருங்காரணம், உடம்பின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சுரப்பியையே தாக்குவது. அடிசன் பார்த்த நோயாளிகளில் பலருக்குக் காரணமாக இருந்தது காசநோய். இந்தியாவில் காசநோய் இன்றும் முக்கியமான காரணமாகவே இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். அட்ரினலுக்குள் காசநோய்க் கிருமி குடியேறியிருப்பது தெரியாமல் சிகிச்சை தொடங்கினால் இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மாத்திரை, உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சக் கார்ட்டிசாலையும் வேகமாகச் சிதைத்துவிடும். மருந்து ஆரம்பித்த பிறகு ஆள் மேலும் துவண்டு போவார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

இந்த நோயாளி எப்படி இருப்பார்? மாதக்கணக்காக இளைத்துக்கொண்டே வருவார். சாயங்காலத்துக்குள் சோர்ந்து விழுவார். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். அடிக்கடி குமட்டும். முகம் கறுக்கும், வெயிலில் அலைகிறான், கறுத்துவிட்டான் என்று சுற்றியிருப்பவர்கள் முடித்துவிடுவார்கள். நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களிடம் இந்தக் கறுப்பைப் பிரித்தறிவது கஷ்டம்தான். அதனால் டாக்டர் வெயில் படாத இடங்களைப் பார்ப்பார். உள்ளங்கை ரேகைகள் மை தீட்டினாற்போல் இருக்கும். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கருந்திட்டுகள் இருக்கும். பழைய தழும்புகள் கறுத்திருக்கும். இன்னொன்று, உப்பு மீது அடங்காத ஆசை. ஊறுகாயை வெறுமனே எடுத்துச் சாப்பிடுவார், மோரில் கை நிறைய உப்பு அள்ளிப் போடுவார். உடம்பு இழந்துகொண்டிருக்கும் உப்பை நாக்கு கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த உப்புதான் அவரைக் கொஞ்ச நாளாவது நடமாட வைத்திருக்கிறது.

இப்போது இந்த மனிதர் தன் காது இறுகியிருப்பதைக் கவனித்து, சென்ற இதழைப் புரட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகாதே என்று போட்டிருக்கிறது. உப்பைக் குறை என்று போட்டிருக்கிறது. சரி என்று குறைக்கிறார். அடுத்த வாரம் ஒரு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வருகிறது. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் சரியாகிப் போகும் காய்ச்சல் இவருக்கு வாந்தியாகி, இரத்த அழுத்தம் படுத்து, நினைவு தப்பும் நிலைக்குக் கொண்டுபோகும். உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினால் சில மணி நேரத்தில் தெளிந்து எழுவார். ஏற்றாவிட்டால் எழ மாட்டார். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொல்வது நல்ல அறிவுரை, நானும் சொல்கிறேன். காது இறுகியவர்கள் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல இது இடமல்ல.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர்களுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. தேவையில்லாமல் தின்றால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், முகம் உப்பும். ஆனால் அடிசன் நோயாளி சாப்பிடுவது உடம்பு தயாரிக்காமல் விட்டதற்கு ஈடாக, கூடுதலாக அல்ல. 1940-களின் இறுதியில் கார்ட்டிசோன் கைக்கு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்கள் நெடுநாள் பிழைத்ததில்லை. அட்ரினல் புறணி ஹார்மோன்களைக் கண்டறிந்ததற்காகத்தான் கெண்டால், ரைக்ஸ்டீன், ஹென்ச் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜான் கென்னடிக்கு அடிசன் நோய் என்று 1947-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர் செனட்டரானார், ஜனாதிபதியானார். இந்த மாத்திரையை இன்றே நிறுத்து என்று எழுதுகிற பேனாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா?

அடிசன் நோய் இல்லாதவர்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தாது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் அட்ரினல், வெளியிலிருந்து வருகிறதே என்று தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் அது உடனே எழுந்து வேலை செய்யாது. அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும். சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் டெக்ஸாமெதாசோன் வாங்கி உடம்பு தேறச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. மூட்டுவலிக்கென்று பொட்டலத்தில் விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு. தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்றே அறியாதவர்கள் இருக்கிற ஊரில், அதை நிறுத்து என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற காரியம்.

அட்ரினல் பழுதானால் காது ஏன் இறுக வேண்டும் என்று டாக்டர்களுக்கே தெரியாதே, பிறகென்ன அதிகாரம் என்று அவர் திருப்பிக் கேட்கலாம். கார்ட்டிசால் குறைவு குருத்தெலும்பை எந்த வழியில் மாற்றுகிறது என்பது முழுசாக விளங்கவில்லை என்பது உண்மைதான். எப்படி என்பது விளங்காததால், இரண்டும் சேர்ந்து வருகின்றன என்று கண்ணால் கண்டது பொய்யாகிவிடுமா? அவருடைய கட்சிக்கு உதவக்கூடிய இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மாத்திரை கொடுத்து நோயாளி தேறினாலும், இறுகிய காது பொதுவாகப் பழையபடி மிருதுவாவதில்லை. அப்படியானால் மாத்திரையால் என்ன லாபம் என்று குதிப்பார். மாத்திரை காதுக்காக எழுதப்பட்டதே இல்லையே. காது சாட்சி சொல்ல வந்தது. சாட்சிக்கு வைத்தியம் பார்த்து, பாதிக்கப்பட்டவரை வீட்டுக்கு அனுப்புகிறார் நமது கட்டுரையாளர்.

வேறு காரணங்களும் இருக்கின்றன. குருத்தெலும்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் விட்டு விட்டு அழற்சி வரும் நோய் ஒன்றில், காது முதலில் சிவந்து வீங்கி வலிக்கும், சோணை மட்டும் தப்பும். பிறகு மூக்குத் தண்டு அமுங்கலாம். மூச்சுக்குழாயைத் தாக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆர்ச்சிபால்ட் கேரட் 1902-ல் பரம்பரைக் கோளாறு என்று இனங்காட்டிய அல்காப்டோனூரியாவில் சிறுநீர் வைத்திருக்க வைத்திருக்கக் கறுக்கும்; நடுவயதுக்குமேல் காதுக் குருத்தெலும்பு நீலம் பாரித்து விறைக்கும், முதுகும் மூட்டுகளும் தேயும். தமிழ்நாட்டில் நரிக்குறவர் சமூகத்தாரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதும் அதற்குக் காரணமான மரபணு மாற்றமும் ஆய்வில் பதிவாகியிருக்கின்றன. அங்கே ஒருவர் காது விறைக்கிறது என்று வந்தால் செல்போனைக் கேட்பதா, சிறுநீரின் நிறத்தைக் கேட்பதா?

காசு விஷயத்தில் நான் கட்டுரையாளரோடு பாதி தூரம் வருகிறேன். தேவையற்ற ஸ்கேன்களை எழுதித் தள்ளுகிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். இறுகிய காதுகளில் பலவற்றுக்குச் சிகிச்சையே தேவைப்படாது என்பதும் சரி. எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் பெரும்பாலும் துண்டு வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. படுக்கவே முடியாத அளவுக்கு வலி இருந்தால் மட்டும் இறுகிய பகுதியில் கொஞ்சத்தை அறுத்து எடுக்கலாம். இதற்கு மேல் காதுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் காதுக்குச் சிகிச்சை வேண்டாம் என்பதிலிருந்து ஆளுக்குப் பரிசோதனை வேண்டாம் என்று தாவியது எந்தக் கணக்கு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இதைவிட நன்றாக முடிச்சுப் போட முடியாது.

அப்படி என்ன பெரிய பரிசோதனை? முதலில் கேள்விகள்: காதில் அடிபட்டதா, பனியில் இருந்தீர்களா, காது எப்போதாவது சிவந்து வீங்கியதா, எடை குறைகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். கேள்விக்குக் கட்டணம் இல்லை. உள்ளங்கையையும் ஈறையும் ஒரு டார்ச்சில் பார்ப்பது. படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் எடுப்பது. பிறகு இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம், சர்க்கரை. காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்ட்டிசால். சந்தேகம் இருந்தால் அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டு மறுபடி ஒரு கார்ட்டிசால். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் கையைக் கடிக்காது. இதைத்தான் தலை முதல் கால் வரை கறப்பது என்கிறார். ஒரு மாதத்துக்கு இரண்டு வேளை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கிற செலவை யாராவது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். போர்வெல், செல்போன், ஏசி பற்றிய பக்கங்களைத் திருத்த வேண்டாம். அவற்றால் யாரும் சாகப் போவதில்லை. எண்ணெயைக்கூட, திருகாமல் மெதுவாகத் தடவிக்கொள்ளுங்கள் என்று ஒரு சொல் சேர்த்து விட்டுவிடலாம். உப்பைப் பற்றிய வரியையும் மாத்திரையை நிறுத்தச் சொன்ன வரியையும் கட்டுரையாளர் திரும்பப் பெற்றுக்கொள்கிறார் என்ற அறிவிப்பு அடுத்த இதழில் வர வேண்டும், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில்.